மாரிக் கடலும் எச்சரிக்கையும்

(கல்லூரி நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



புவியியல் கற்பித்தவள் என்பதால், நூற்றாண்டு விழாவில் நீங்கள் காலநிலை பற்றி ஏதேனும் சொல்லவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். காலநிலை என்பது பெரிய பொருள். அதில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐப்பசி முதல் தை வரை எமது வடக்கு, கிழக்குக் கரைகளில் வாழ்பவர்களுக்கு வானொலியிலும் கைபேசியிலும் வரும் கடல் வானிலை அறிவித்தல்தான் அது. அதை எப்படித் தயாரிக்கிறார்கள், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன, அது ஏன் சிலவேளை பிழைக்கிறது, அதைக் கேட்டபின் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்பவையே இன்றைய என் பேச்சு.

மாரி தரும் இரு முகங்கள்

இலங்கையின் ஆண்டை வளிமண்டலவியல் திணைக்களம் நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்ரோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. எமது மக்கள் இந்தக் கணக்கைப் பாடநூலில் படிக்கவில்லை. சோளகம், கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு, அந்தப் பெயரை வைத்தே வலையையும் வள்ளத்தையும் வாடியையும் இடம் மாற்றினார்கள்.

வயலுக்கும் குளத்துக்கும் நீர் தருவது மாரி. வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் எமது பக்கம் வருவதும் அதே மாரியில்தான். இங்கு சூறாவளி உருவாகும் காலங்கள் ஆண்டில் இரண்டு: பருவக்காற்றுக்கு முன்னே சித்திரை, வைகாசியை ஒட்டி ஒன்று, பின்னே ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மற்றையது. இரண்டாவது காலத்தில் உருவாகுபவை மேற்கு நோக்கி நகரும்போது இலங்கையும் தமிழ்நாடும் அவற்றின் பாதையில் நிற்கின்றன.

மூத்த அக்காமாருக்கு இரண்டு ஆண்டுகளை நினைவூட்டத் தேவையில்லை. 1964 டிசெம்பர் 22 அன்று வட இலங்கையைக் கடந்த சூறாவளி அன்றிரவே பாக்கு நீரிணையைத் தாண்டி தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் புகையிரதம் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. தலைமன்னார் தனுஷ்கோடிக் கப்பலில் ஏறிப் படிக்கவும் கோயிலுக்கும் போய்வந்த தலைமுறைக்கு அந்தத் துறைமுகம் அன்றோடு இல்லாமற் போயிற்று. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்கின் தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. அதன்பின் 2000 டிசெம்பர் 26 அன்று திருகோணமலை, 2008 நவம்பரில் நிஷாவின் மழையால் யாழ்ப்பாணம், 2020 டிசெம்பர் 2 அன்று புரெவி என்று வரிசை நீள்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவை இங்கிருக்கும் சிறுமியரும் அறிவார்கள்.

கடலுக்கு எச்சரிக்கை சொல்லத் தொடங்கிய கதை

கடலோடிகளுக்கு அரசு எச்சரிக்கை விடுக்கும் வழக்கம் 160 ஆண்டுகளைத் தாண்டியது. அதன் தொடக்கம் பிரித்தானியாவில். சார்ள்ஸ் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்த றொபேட் பிட்ஸ்றோய், 1854இல் வர்த்தக சபையின் கீழ் அமைந்த வானிலைப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். 1859 ஒக்ரோபரில் றோயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் உடைந்து ஏறத்தாழ 450 பேர் இறந்தார்கள். கரைக்கு அத்தனை அருகில் வந்தபின் நடந்த அழிவு அது. புயல் ஓர் ஊரில் தொடங்கி அடுத்த ஊருக்கு நகர்கிறது; தந்தியோ புயலைவிட வேகமாகப் போகும். அப்படியானால் முதல் ஊர் இரண்டாம் ஊருக்குச் சொல்லலாமே என்பதே அவரது எண்ணம்.

1861 பெப்ரவரியில் துறைமுகங்களுக்கு முதல் புயல் எச்சரிக்கை சென்றது. கம்பத்தில் ஒரு கூம்பை ஏற்றுவார்கள். அதன் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து புயற்காற்று, கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து. எழுத்து வாசிக்கத் தெரியாத கடலோடிக்கும் அது புரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் ரைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பும் வரத்தொடங்கியது.

ஆனால் முன்னறிவிப்புப் பிழைத்த நாட்களில் பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. அறிவியலாளர் சிலர் இது அறிவியலே அல்ல என்றார்கள். 1865இல் பிட்ஸ்றோய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. நிறுத்திய பின்னர்தான் அவற்றின் அருமை தெரிந்தது. கடலோடிகளும் துறைமுகத்தவர்களும் வற்புறுத்த, அதிக காலம் செல்லுமுன் கூம்பு மீண்டும் கம்பத்தில் ஏறியது. இலண்டனில் வாழும் எமது பழைய மாணவிகள் பிபிசி வானொலியில் கப்பல்களுக்கான முன்னறிவிப்பைக் கேட்டிருப்பார்கள். அதில் வாசிக்கப்படும் 31 கடற்பகுதிகளுள் ஒன்றின் பெயர் 2002 முதல் பிட்ஸ்றோய்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்சரிக்கை சொல்பவர் இரு பக்கமும் அடி வாங்குகிறார். சொல்லி, புயல் வராவிட்டால் ஒரு நாள் தொழில் போயிற்று என்று ஏச்சு. சொல்லாமல், புயல் வந்தால் உயிர்கள் போயின என்று ஏச்சு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஒவ்வொரு அறிவித்தலும் எழுதப்படுகிறது.

அறிவித்தலை வாசிப்போம்

மாரியில் நாங்கள் கேட்கும் அறிவித்தல் பெரும்பாலும் இப்படி அமையும்: “காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்புகளில் காற்று வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வேகத்தில் வீசும். அலையின் உயரம் 2.5 முதல் 3 மீற்றர் வரை காணப்படும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். மறு அறிவித்தல் வரை மீனவர்களும் கடல்சார் ஊழியர்களும் இக்கடற்பரப்புகளுக்குச் செல்லவேண்டாம்.”

முதலில் இடம். ஊர்ப் பெயர்கள் கரையைத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. அறிவித்தல் கரையை மட்டும் குறிப்பதில்லை, அதற்கு அப்பால் உள்ள கடலையும் குறிக்கிறது. முற்றத்தில் காற்று இல்லை என்பதால் கடலிலும் இல்லை என்று எண்ணக்கூடாது.

அடுத்தது காற்று. 30 கிலோமீற்றர் வேகம் 60 ஆகும்போது காற்றின் வேகம் இரட்டிக்கிறது. ஆனால் அது படகின் மேலும் கூரையின் மேலும் தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அறிவித்தலில் சொல்லப்படுவது சராசரி வேகம். இடியுடன் மழை பெய்யும்போது திடீரென வீசும் காற்று அதைவிடக் கூடுதலாக இருக்கும். சிறு படகுகள் பல கவிழ்வது அந்தச் சில நிமிடங்களில்தான்.

மூன்றாவது அலையின் உயரம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 2.5 மீற்றர் என்றால் எல்லா அலையும் 2.5 மீற்றர் என்பதல்ல. வரும் அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். சில மணி நேரம் கடலில் நின்றால் இடையிடையே அதன் இரட்டிப்புக்கு அண்மித்த அலையும் வரும். 5 மீற்றர் என்பது 16 அடி. ஒரு சிறிய பைபர் படகின் நீளத்தை அது நெருங்குகிறது.

அலை பெரிதாவதற்கு மூன்று காரணங்கள்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது ஓடிவரும் தூரம். வாடைக்காற்று திறந்த வங்காள விரிகுடாவின் மேலாக நெடுந்தூரம் ஓடி எமது கிழக்குக் கரைக்கு வருகிறது. அதனால் அங்கே அலை உயர்கிறது. பாக்குக்குடா ஆழமற்றது, ஒடுங்கியது. அங்கே அலை அவ்வளவு உயராது. ஆனால் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக எழுந்து அடிக்கும். இரண்டும் ஆபத்துத்தான், இரண்டும் வேறு வேறு ஆபத்து. அத்தோடு, தொலைவில் உள்ள புயல் எழுப்பும் நீண்ட அலைகள் புயலுக்கு முன்னரே கரையை வந்தடையும். வானம் வெளித்திருக்கையில் கடல் இரைவதைக் கேட்டு, தொழிலுக்குப் போகாமல் நின்ற பெரியவர்கள் இதைத்தான் அறிந்திருந்தார்கள்.

நான்காவது புயலின் தரம். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீற்றரை எட்டினால் தாழமுக்கம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழமுக்கம், 62ஐ எட்டினால் சூறாவளி. சூறாவளி ஆனபின்னர்தான் பெயர் வைப்பார்கள். வங்காள விரிகுடா, அரபிக்கடலைச் சூழ்ந்த 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து முறைப்படி பெயர் எடுக்கப்படுகிறது. 2018இல் வேதாரணியத்தைத் தாக்கிய கஜா இலங்கை கொடுத்த பெயர். புரெவி மாலைதீவு கொடுத்தது.

பெயர் வந்தால் பயப்படுவதும் வராவிட்டால் அசட்டையாக இருப்பதும் எமது பழக்கம். அது எவ்வளவு பிழை என்பதை டித்வா காட்டியது. காற்றை மட்டும் பார்த்தால் அது சூறாவளி வரிசையின் கீழ்ப்படியில் இருந்தது. ஆனால் மெதுவாக நகர்ந்து மழையைக் கொட்டியது. இறந்த 600க்கும் மேற்பட்டவர்களுள் பெரும்பகுதியினர் கடலையே காணாத மலையகத்தில் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் இறந்தார்கள். 2022 டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளி எம்மைத் தொடாமல் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. ஆயினும் அது இழுத்துவந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஆகவே காற்று, மழை, அலை, கடல் ஏறுதல் என்ற நான்கையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

கடல் ஏறுதல் பற்றி ஒரு சொல். புயலின் நடுவில் வளியமுக்கம் குறையும். ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். அதைவிடப் பெரிய பங்கு காற்றினுடையது: அது நீரைக் கரைக்குத் தள்ளிக் குவிக்கிறது. ஆழமற்ற கடலில் குவிந்த நீர் திரும்பிப்போக இடமில்லை. 1964இல் பாக்கு நீரிணையின் இரு கரைகளும் பட்ட பாட்டுக்கு இது ஒரு முக்கிய காரணம். களப்புக் கரைகளில் வேறொரு தொல்லையும் உண்டு. மழைவெள்ளம் முகத்துவாரத்தால் கடலுக்கு வடியவேண்டிய நேரத்தில் கடல் உயர்ந்து நின்றால், நீர் ஊருக்குள்ளேயே தங்கிவிடும்.

கையால் பார்க்கும் வானிலை

மாணவிகள் ஒரு விதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்து நாட்டவரான பைஸ் பலோட் 1857இல் வெளியிட்டது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தாழமுக்கத்தின் நடு ஏறத்தாழ உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கிழக்குக் கரையில் வடகிழக்குக் காற்று வீசும்போது நீங்கள் தென்மேற்கைப் பார்த்து நிற்பீர்கள். இடக்கை தென்கிழக்கைக் காட்டும். எமக்குப் பெரும்பாலான தாழமுக்கங்கள் வருவது அந்தத் திசையிலிருந்துதான்.

காற்று வடக்காகவும் பின் வடமேற்காகவும் திரும்பினால் அது எமக்கு வடக்கே கடந்து போகிறது. கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்பினால் தெற்கே கடக்கிறது. திசை மாறாமல் காற்று மட்டும் வலுத்து, பாரமானி இறங்கிக்கொண்டே போனால் அது நேரே எம்மிடம் வருகிறது. நடுவில் காற்று நின்று வானம் வெளித்தால், முடிந்தது என்று வெளியே இறங்கக்கூடாது. அது சூறாவளியின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப அடிக்கும்.

இந்த விதி அறிவித்தலுக்கு மாற்றல்ல. தொடர்பு அறுந்து, மின்சாரம் இல்லாமல், வானொலியும் ஓய்ந்த இரவில் உதவக்கூடியது.

ஏன் பிழைக்கிறது?

செய்மதி, கடல்மிதவை, கப்பல், கரை நிலையம் ஆகியவை தரும் அளவுகளை வைத்துக் கணினி கணக்கிடுகிறது. கடலின் நடுவில் அளவுகள் குறைவு. தொடக்க அளவில் உள்ள மிகச் சிறு வேறுபாடு நாட்கள் செல்லச்செல்லப் பெருகும். எட்வேட் லோறன்ஸ் இதை 1963இலேயே காட்டினார். அதனால் இன்று ஒரு கணக்கைச் செய்யாமல், தொடக்கத்தைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணக்குகள் செய்து, அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். வரைபடத்தில் பாதை முன்னே போகப்போக அகன்று கூம்பாகத் தெரிவது அதனால்தான். ஒரு நாள் முன்னே சொல்லப்படும் பாதையே பல பத்துக் கிலோமீற்றர் விலகலாம். திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் பெங்கால் எமது கிழக்குக் கரைக்கு அப்பால் நாட்கணக்காகத் தயங்கி நின்றபோது, அது சூறாவளியாகும், ஆகாது, ஆகும் என்று அறிவித்தல்கள் மாறின. மாறியதைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். அது உண்மையில் நேர்மை. புதிய அளவு கிடைத்தபின்னும் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

அளவில் நேர்மை என்றதும் ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லவேண்டும். திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்து, சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருடைய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. 1948இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, உள்நாட்டிலேயே செய்யவைத்தார். பிழையான அளவைவிட அளவே இல்லாமலிருப்பது மேல் என்பது அவரது கொள்கை. 1976இல் அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். பௌதிகவியல் பெண்பிள்ளைகளுக்கு ஏன் என்று இன்றும் கேட்கும் பெற்றோர் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கடைசி ஆள்வரை

எச்சரிக்கை கொழும்பில் எழுதப்பட்டதும் முடிந்துவிடுவதில்லை. வாடியில் படுத்திருக்கும் கடைசி ஆளுக்கு, அவருடைய மொழியில், அவர் படகைத் தள்ளுமுன் அது போய்ச்சேரவேண்டும். தமிழில் அறிவித்தல் பிந்துவதும், முழுமையாக வராததும் டித்வாவின்போது பலராலும் சுட்டிக்காட்டப்பட்ட குறை. சில மணி நேரப் பிந்தல் பத்திரிகைக்குச் சிறியது, வெள்ளத்துக்குப் பெரியது. எமது மாணவிகள் சிலராவது இந்தத் துறைக்குப் போகவேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம்.

இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்வது எளிது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். மூன்று நாள் கடல் மறிப்பு என்றால் சம்மாட்டிக்குக் கடன் ஏறும், பிள்ளையின் ரியூசன் காசு நிற்கும். எச்சரிக்கையை மீறிப் போகிறவரை மூடர் என்று சொல்லுமுன் இதை எண்ணவேண்டும். புரெவி வந்தபோது கரையோர மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள், உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. சொல்வதோடு, போக இடமும் உண்ண உணவும் ஆயத்தமாக இருந்தால் மக்கள் சொல்லைக் கேட்கிறார்கள்.

எனவே எமது பழைய மாணவிகளிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருந்து நீங்கள் ஊரை நினைத்துத் துடிப்பது எமக்குத் தெரியும். ஆனால் பத்து நாட்களுக்கு அப்பால் ஒரு கணினிக் கணக்குக் காட்டும் சிவப்புப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது பல கணக்குகளில் ஒன்று மட்டும். மூன்று முறை பயந்து ஓடியவர் நான்காம் முறை அசையமாட்டார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை, திகதியும் நேரமும் பார்த்து அனுப்புங்கள். அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் சுவரில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, சங்கத்துக்கு. நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பகுதியைக் கரையோரக் குடும்பங்களிலிருந்து வரும் எமது மாணவிகளுக்காக ஒதுக்குங்கள். கடல் மறித்த நாட்களில் அவர்களுடைய வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி போகட்டும். தகப்பன் கரையில் நிற்பதற்கு அது துணை செய்யும்.

மூன்றாவது, மாணவிகளுக்கு. கல்லூரி முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். நாடெங்கும் காலை 8.30க்கு மழை அளக்கிறார்கள். அதே நேரத்தில் நீங்களும் அளந்து, காற்றின் திசையையும் பார்த்து, ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். விடுமுறையிலும் விடாமல் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள், அதுவும் அளவுதான். மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் நீண்ட காலம் இப்படி எழுதிவைத்த பதிவேடுகள்தான் இன்று எமது மழையின் மாற்றத்தை அறிய உதவுகின்றன. கரையோரப் பாடசாலை ஒன்றில் அத்தகைய பதிவேடு இருந்தால் அதன் பெறுமதி ஆண்டுக்காண்டு கூடும். இரண்டாவது நூற்றாண்டைத் தொடங்கும் கல்லூரிக்கு இதைவிடச் செலவு குறைந்த, பயன் நீண்ட திட்டம் எனக்குத் தோன்றவில்லை. முதலாவது மழைமானியை வாங்கித்தரும் பொறுப்பை எமது வகுப்புத் தோழிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்.